தங்கச்சிமடத்துல ஃபாஸ்ட் சார்ஜர் போடலாமா? லோன் வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



தங்கச்சிமடத்துல இருந்து ஒரு அண்ணன் நம்ம சேனலுக்குக் கேள்வி அனுப்பியிருந்தார். மெயின் ரோட்டை ஒட்டி அவருக்கு 8 சென்ட் இடம் இருக்கு. எலெக்ட்ரிக் காருக்கு ஃபாஸ்ட் சார்ஜர் வெச்சா மாதம் 50,000 ரூபாய் "உறுதியா" வரும்னு ஒரு ஏஜென்ட் சொல்லியிருக்கார். 15 லட்சம் லோன். அடமானம் அந்த இடமேதான். "போடலாமா தம்பி?" இதுதான் கேள்வி.

என் பதில்: லோன் வாங்கிப் போடாதீங்க அண்ணே. ஏன்னு சொல்றேன்.

முதல்ல அவர் பக்க நியாயத்தைப் பார்ப்போம். இடம் அருமையான இடம். ராமேஸ்வரத்துக்கு ரோடு வழியா போற எந்த வண்டியும் 1988-ல திறந்த பாம்பன் பாலத்தைத் தாண்டி தங்கச்சிமடம் வழியாத்தான் போகணும். பேக்கரும்புல கலாம் நினைவிடம் 2017-ல திறந்ததுல இருந்து டூரிஸ்ட் வண்டிகளும் இங்கே நிக்குது. சட்டமும் தடை இல்லை. சார்ஜிங் என்பது மின்சார விற்பனை இல்லை, ஒரு சேவைதான், அதனால லைசென்ஸ் தேவையில்லைன்னு மத்திய மின்துறை 2018-லயே தெளிவுபடுத்திடுச்சு.

ஆனா கவனிங்க. லைசென்ஸ் வேண்டாம்னா, உங்களுக்கு மட்டும் இல்லை, பக்கத்து இடத்துக்காரருக்கும் வேண்டாம்.

இப்போ கணக்கு

கீழே உள்ள தொகைகள் என் அனுமானம். உங்களுக்கு வர்ற கொட்டேஷனை வெச்சு மாத்திக்கோங்க.

60 கிலோவாட் சார்ஜர், டிரான்ஸ்ஃபார்மர், கேபிள், ஷெட் எல்லாம் சேர்த்து 15 லட்சம். 11% வட்டியில 5 வருஷ லோன்னா இஎம்ஐ சுமார் 32,600 ரூபாய். ஃபிக்ஸட் சார்ஜ், இன்டர்நெட், பராமரிப்பு, காவலுக்கு மாதம் 15,000. ஆக மொத்தம் 47,600.

வருமானம்? ஒரு யூனிட்டை 20 ரூபாய்க்கு விக்கிறீங்கன்னு வைப்போம். கரண்டுக்கு 10 ரூபாய், ஆப் கம்பெனி கமிஷன் 3 ரூபாய் போக, கையில நிக்கிறது 7 ரூபாய்.

47,600-ஐ 7 ஆல வகுத்தா 6,800 யூனிட். ஒரு கார் சராசரியா 25 யூனிட் ஏத்தினா, தினமும் 9 கார் வந்தாத்தான் லாபமும் இல்லாம நஷ்டமும் இல்லாம ஓடும். மழை, புயல், பரீட்சை சீசன் எதுவானாலும் தினமும் 9.

வார நாள்ல 3, சனி ஞாயிறுல 12 கார் வருதுன்னு வைங்க. அது மோசமான கூட்டம் இல்லை. ஆனா சராசரி 5 அல்லது 6 காருக்கு மேல போகாது. மாதம் சுமார் 4,180 யூனிட், அதுல மார்ஜின் 29,000 சொச்சம். மாதாமாதம் 18,000 ரூபாய்க்கு மேல கைக்காசு போட்டு இஎம்ஐ கட்டணும். ஏஜென்ட் சொன்ன 50,000 எங்கே, இது எங்கே!

ஏஜென்ட் சொல்லாத மூணு விஷயம்

ஒண்ணு, உப்புக்காத்து. 1914-ல கட்டின பழைய பாம்பன் ரயில் பாலத்தை துருவிலிருந்து காப்பாத்த எவ்வளவு பாடுபட்டாங்கன்னு ஊர்க்காரங்களுக்குத் தெரியும். 2022 டிசம்பரோட அதுல ரயில் நின்னுபோச்சு. 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் வந்தது. அந்தக் காத்துலதான் உங்க சார்ஜரும் நிக்கப்போகுது. கனெக்டர், சர்க்யூட் போர்டு எல்லாத்துக்கும் வாரன்டியில "துரு" சேருமான்னு எழுத்துல கேளுங்க.

ரெண்டு, ஜிஎஸ்டி. எலெக்ட்ரிக் காருக்கு 5%, சார்ஜருக்கு 5%. ஆனா சார்ஜ் பண்ற சேவைக்கு 18%. கர்நாடகா முன்தீர்ப்பு ஆணையமும் 2023-ல இதையேதான் சொல்லிச்சு. நீங்க 20 ரூபாய்னு போர்டு வெச்சா கஸ்டமர் கட்டுறது 23 ரூபாய் 60 காசு. கரண்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால உங்க பெரிய செலவுல கிரெடிட் எடுக்கவும் வழியில்லை. என்னைக் கேட்டா, காருக்கு 5% வெச்சுட்டு சார்ஜுக்கு 18% போடுறது முரண்பாடு, குறைக்கணும். ஆனா குறைப்பாங்கன்னு நம்பி லோன் வாங்கக்கூடாது.

மூணு, போட்டி. பிஎம் இ-டிரைவ் திட்டத்துல பொது சார்ஜருக்கு மட்டும் 2,000 கோடி ஒதுக்கியிருக்காங்க. அதுல காருக்கான ஃபாஸ்ட் சார்ஜர் இலக்கு 22,100. மானியத்துல வர்ற சார்ஜர் உங்களுக்கு எதிர்ல நின்னா, 11% வட்டி கட்டுற நீங்க விலையைக் குறைச்சுத் தாக்குப்பிடிக்க முடியாது.

"எலெக்ட்ரிக் கார் பெருகத்தானே போகுது?"

பெருகும். மறுக்கலை. ஆனா பெருகினா எல்லாரும் இங்கே ஃபாஸ்ட் சார்ஜ் போடுவாங்களா? மதுரைக்காரரை எடுத்துக்கோங்க. ராமேஸ்வரம் 170 கிலோமீட்டர். அரிச்சல்முனை போய்த் திரும்ப இன்னும் 40. மொத்தம் 210. 45 யூனிட் பேட்டரி, யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர்னா 290 வரை ஓடும். அவருக்கு ராமேஸ்வரம் வரைக்கும் சார்ஜே வேண்டாம். திரும்பிப் போகத்தான் வேணும். அதுக்குள்ள ராத்திரி லாட்ஜ்ல தூங்குறார். கார் எட்டு மணி நேரம் சும்மா நிக்குது.

செலவையும் பாருங்க. ஃபாஸ்ட் சார்ஜ்ல கிலோமீட்டருக்கு சுமார் 3.60 ரூபாய். வீட்ல 9 ரூபாய் யூனிட்னா 1.40. லிட்டருக்கு 16 ஓடுற பெட்ரோல் கார்ல 6 ரூபாய்க்கு மேல. பெட்ரோலை விட எப்படியும் லாபம்தான், ஆனா மிச்சம் பிடிக்கத்தான் எலெக்ட்ரிக் வாங்கினவர் அவசரம் இல்லாதப்போ ஏன் காஸ்ட்லி சார்ஜ் போடப்போறார்?

சென்னையில இருந்து வர்றவருக்கு வழியில ஃபாஸ்ட் சார்ஜர் கண்டிப்பா தேவை. அது அவருக்குப் பாதி வழியில, திருச்சி பக்கம் தேவை. ரோடு முடியுற தீவுல இல்லை. போற வழிக்கு ஃபாஸ்ட், தங்குற இடத்துக்கு ஸ்லோ. இதுதான் என் கருத்து.

அப்போ என்ன பண்ணலாம்?

இடம் இருக்கிறவங்க: இடத்தை சார்ஜிங் கம்பெனிக்கு வாடகைக்கு விடுங்க. அரசு நிலத்துக்கு மத்திய அரசின் 2022 வழிகாட்டுதல்ல யூனிட்டுக்கு 1 ரூபாய் பங்குன்னு இருந்தது. அதையே அளவுகோலா வெச்சுப் பேசுங்க. மேலே போட்ட அதே 4,180 யூனிட்டுக்கு மாதம் 4,180 ரூபாய் வரும். சின்னத் தொகைதான். ஆனா மைனஸ் 18,000-க்கு இது எவ்வளவோ மேல். "யூனிட் ஓடினாலும் ஓடாட்டியும் இவ்வளவு"ன்னு ஒரு குறைந்தபட்ச வாடகையும், லாக்-இன் காலமும் அக்ரிமென்ட்ல வரணும்.

லாட்ஜ் வெச்சிருக்கிறவங்க: 7 கிலோவாட் ஸ்லோ சார்ஜர் ஒண்ணு. வயரிங்கோட 75,000 ஆகும்னு வைப்போம். கரண்ட் மார்ஜின்ல பெருசா எதுவும் நிக்காது. வருமானம் ரூம்ல இருக்கு. "சார்ஜர் உண்டு"ன்னு பார்த்து மாதம் 5 ரூம் கூடுதலா போய், செலவு போக ரூமுக்கு 1,200 நின்னா 6,000 ரூபாய். 13 மாதத்துல போட்ட காசு திரும்பும். வரலைன்னாலும் நஷ்டம் 75,000 தான், 8 சென்ட் இடம் இல்லை.

அண்ணே, ஏஜென்ட்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அந்த 50,000-ஐ உங்க கம்பெனி லெட்டர்ஹெட்ல, குறைஞ்சா நாங்க தர்றோம்னு எழுதித் தருவீங்களா?" எழுதித் தந்தா அந்தப் பேப்பரை எனக்கு அனுப்புங்க, படிச்சுச் சொல்றேன். தரலைன்னா, உங்க பத்திரம் பீரோவுலயே இருக்கட்டும்.