டில்லிக் குளிரா, தென்னாட்டு வெயிலா?

டில்லியின் குளிரைச் சகிப்பதா, தென்னாட்டின் வெயிலைச் சகிப்பதா என்ற கேள்வி திண்ணைப் பேச்சுக்கு உரியதென்றே சாதாரணமாகக் கருதப்படுகிறது. உத்தியோக நிமித்தமாக இங்கிருந்து வடக்கே செல்பவர் மார்கழியை நினைத்து நடுங்குகிறார். அங்கிருந்து இங்கே மாற்றலாகி வருபவர் சித்திரையையும் வைகாசியையும் நினைத்து வியர்க்கிறார். தனி மனிதர் தத்தம் தேகவாகுக்கு ஏற்றபடி இதற்கு விடை சொல்லிக்கொள்ளலாம். அதில் பிறர் தலையிட நியாயமில்லை. ஆனால் ஒரு தேசத்தின் பார்லிமெண்டும் சுப்ரீம் கோர்ட்டும் எந்த இடத்தில், எந்தக் காலத்தில் கூடுகின்றன என்பது ஒருவருடைய சௌகரியத்தைப் பொறுத்ததாகாது. அது ஜனங்களின் உரிமையைப் பற்றிய விஷயம். அவ்விஷயத்தைக் குறித்தே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

இரு தரப்பு வழக்கையும் முதலில் பாரபட்சமின்றி எடுத்துக்கொள்வோம். டில்லியில் ஜனவரி மாதத்து இரவுகளில் உஷ்ணமானி சராசரியாக 7 டிகிரி வரையில் இறங்குகிறது. சில இரவுகளில் இன்னும் கீழே போவதுமுண்டு. குளிர் மாத்திரமாயிருந்தால் பாதகமில்லை. காற்று அசையாத அந்நாட்களில், தரையையொட்டிய குளிர்ந்த காற்றின் மீது உஷ்ணக் காற்று மூடிபோல் நின்றுவிடுகிறது. வண்டிகளும் ஆலைகளும் அடுப்புகளும் கக்கும் புகை மேலே எழ வழியின்றி நகரத்தின்மீதே கவிந்து கிடக்கிறது. கங்கைச் சமவெளியெங்கும் மூடுபனி படர்ந்து ரயில்கள் மணிக்கணக்கில் தாமதிக்கின்றன. ஆகாய விமானங்கள் இறங்க இயலாமல் வேறு நகரங்களுக்குத் திருப்பப்படுகின்றன. டில்லிவாசிக்குக் கஷ்டம் இத்துடன் தீர்ந்துவிடுவதுமில்லை. மே, ஜூன் மாதங்களில் அதே நகரத்தில் பகல் உஷ்ணம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. 'லூ' என்னும் அனற்காற்றும் வீசுகிறது.

தென்னாட்டுக் கரையோரத்தின் குறை வேறு வகையானது. சென்னையில் மே மாதத்துப் பகல் உஷ்ணம் சராசரியாக 37, 38 டிகிரியே. எண்ணை மட்டும் பார்ப்பவர் இது டில்லியைவிடக் குறைவென்பார். ஆனால் மனித தேகம் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வை உலர்வதனாலேயே ஆகும். கடற்காற்றின் ஈரம் மிகுந்த இடத்தில் வியர்வை வழிகிறதேயொழிய உலர்வதில்லை. இரவிலும் 28 டிகிரிக்குக் கீழே எளிதில் இறங்காதபடியால், பகலெல்லாம் வெந்த உடம்புக்கு இரவிலும் ஓய்வில்லை. குளிருக்குக் கம்பளியுண்டு; புழுக்கத்துக்குக் கழற்றி எறிய உடம்பைத் தவிர ஒன்றும் மிஞ்சுவதில்லை. அப்படியிருந்தும், கம்பளி வாங்க வகையின்றி யமுனைப் பாலத்தடியில் படுத்திருப்பவனிடம் சென்று, 'உன் குளிர் இலகுவானது' என்று சொல்ல யாருக்கும் வாய் எழாது.

ஆகவே எந்தக் கஷ்டம் பெரிது என்று தீர்ப்பளிக்க நாம் முன்வரவில்லை. இரண்டும் கஷ்டமே. ஆனால் இரண்டும் ஒரே மாதத்தில் வருவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். டில்லி நடுங்கும் தை மாதத்தில் சென்னையின் பகல் உஷ்ணம் சுமார் 30 டிகிரி. இரவில் சுமார் 21 டிகிரி. பெங்களூரிலும் ஐதராபாத்திலும் இரவுகள் இன்னும் குளுமையானவை. வடக்கின் மோசமான காலமே தெற்கின் நல்ல காலமாயிருக்கிறது. இயற்கையே இவ்வாறு பங்கிட்டு வைத்திருக்கும்போது, தேசத்தின் பெரிய ஸ்தாபனங்கள் வருஷம் முழுவதும் ஒரே ஊரில் குந்தியிருக்க வேண்டுமென்று யார் விதித்தது?

சீதோஷ்ணத்தை உத்தேசித்து ஆட்சி இடம் மாறுவது இத்தேசத்துக்குப் புதிதன்று. 1864-ம் வருஷம் முதல் சிம்லா இந்திய சர்க்காரின் கோடைத் தலைநகராயிருந்தது. சென்னைக் கவர்னரும் அவருடைய பரிவாரமும் கோடைதோறும் உதகமண்டலம் ஏறினார்கள். 1911-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றுவதாக அறிவிக்கப்பட்டு, 1931-ல் புது டில்லி திறந்து வைக்கப்பட்ட பின்னரும் மலையேற்றம் நிற்கவில்லை. இதைத் தேசபக்தர்கள் கண்டித்தது முற்றிலும் நியாயமே. சிம்லாவிலிருந்து ஆள்வது ஐந்நூறாவது மாடியில் அமர்ந்து ஆள்வதற்கு ஒப்பாகும் என்ற கருத்தைக் காந்தியடிகள் 1921-ல் எழுதினார். அந்த அதிகாரிகள் வெயிலை விட்டு ஓடியதோடு ஜனங்களையும் விட்டு ஓடினார்கள். நாம் கேட்பது ஜனங்களை நோக்கி வரும் பிரயாணம். இரண்டையும் ஒன்றென்று குழப்புவோர்க்கு இவ்வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவைக்கிறோம்.

சுதந்தர இந்தியாவில் இக்கேள்வியை நேருக்கு நேர் எழுப்பியவர் டாக்டர் அம்பேத்கர். மொழிவழி ராஜ்யங்களைப் பற்றி 1955-ல் அவர் வெளியிட்ட நூலில், இந்தியாவுக்கு இரண்டாவது தலைநகரொன்று வேண்டுமென்றும், அதற்கு ஐதராபாத்தே தகுந்ததென்றும் வாதித்தார். டில்லி தென்னாட்டாருக்குத் தூரத்தாலும் குளிராலும் மிகுந்த அசௌகரியத்தைத் தருகிறது என்பது அவர் காட்டிய காரணங்களில் ஒன்று. அரசியல் சட்டத்தை வகுத்த குழுவின் தலைவர் சொன்ன யோசனையைப் பிரதேச அபிமானத்தால் பிறந்ததென்று யாரும் தள்ளிவிட முடியாது. அவர் தென்னாட்டவருமல்லர். 2024-ம் வருஷக் கடைசியில் திருப்பதித் தொகுதியின் லோக்சபை அங்கத்தினரும், வருஷத்துக்கு இரண்டு கூட்டங்களைத் தெற்கே நடத்த வேண்டுமென்று கேட்டுக் கடிதம் எழுதினார். எழுபது வருஷங்களாகியும் கேள்வி சாகவில்லை.

வேடிக்கை என்னவென்றால், குடியரசின் தலைவர் இவ்விஷயத்தில் ஏற்கெனவே தீர்மானத்துக்கு வந்துவிட்டார். ஐதராபாத்தை அடுத்த பொல்லாரத்தில் 'ராஷ்டிரபதி நிலையம்' என்ற மாளிகை இருக்கிறது. குளிர்காலத்தில் ராஷ்டிரபதி அங்கே வந்து சில தினங்கள் தங்கிக் காரியங்களைக் கவனிப்பது நெடுநாளைய வழக்கம். ராஷ்டிரபதிக்கு ஏற்றதாகக் கருதப்படும் மார்கழி மாதத்துத் தென்னாடு, பார்லிமெண்டு அங்கத்தினருக்கு மட்டும் ஏன் ஏற்காது?

சட்டம் இடங்கொடுக்குமா என்று கேட்கலாம். தாராளமாக இடங்கொடுக்கிறது. அரசியல் சட்டத்தின் 85-வது ஷரத்து, ராஷ்டிரபதி தமக்கு உசிதமென்று தோன்றும் காலத்திலும் இடத்திலும் இரு சபைகளையும் கூட்டலாமென்று சொல்லுகிறது. காலம் மட்டுமல்ல, இடமும் அவ்வாக்கியத்தில் இருக்கிறது. 130-வது ஷரத்து, சுப்ரீம் கோர்ட்டு டில்லியிலோ, ராஷ்டிரபதியின் சம்மதத்துடன் பிரதம நீதிபதி நியமிக்கும் வேறு இடங்களிலோ கூடலாமென்று விதிக்கிறது. சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. வாசல் திறந்தே இருக்கிறது. உள்ளே செல்லத்தான் மனமில்லை. 2009-ல் சட்டக் கமிஷன் தனது 229-வது அறிக்கையில், அப்பீல்களை விசாரிக்க நான்கு திசைகளிலும் பெஞ்சுகள் அமைக்கலாமென்றும், தெற்கே சென்னை அல்லது ஐதராபாத்தில் ஒன்று இருக்கலாமென்றும் சிபாரிசு செய்தது. சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகளோ டில்லிக்கு வெளியே பெஞ்சு வைக்கும் யோசனையைப் பலமுறை நிராகரித்திருக்கிறார்கள்.

இந்த மறுப்பினால் நஷ்டப்படுபவர் யார்? கன்னியாகுமரியிலிருந்து டில்லிக்கு ரயில் மார்க்கமாக ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். கீழ்க் கோர்ட்டிலும் ஹைகோர்ட்டிலும் வென்ற ஓர் ஏழை விவசாயியை, தோற்ற எதிரி அப்பீல் என்ற பெயரால் அவ்வளவு தூரம் இழுத்துவிட முடிகிறது. பிரயாணச் செலவு, அந்நகரத்து வக்கீலின் கட்டணம், வாய்தாவுக்கு வாய்தா தங்கும் செலவு ஆகிய மூன்றும் சேர்ந்து, வென்றவனைத் தோற்றவனாக்கிவிடக் கூடும். மூடுபனியில் ரயில் நின்று, வழக்குக் கூப்பிட்ட பிறகு அவன் போய்ச் சேர்ந்தால் அதற்கு யார் பொறுப்பாளி? 2020-ம் வருஷம் முதல் காணொளி மூலமும் விசாரணை நடக்கிறதென்பது வாஸ்தவமே, அதை வரவேற்கிறோம். ஆனால் அப்பீலுக்கு இன்றும் டில்லி வக்கீல்களையே நாட வேண்டியிருக்கிறது. மதுரையில் 2004-ல் சென்னை ஹைகோர்ட்டின் கிளை திறக்கப்பட்டதனால் கோர்ட்டின் ஒருமை குலைந்துவிடவில்லை. தென் ஜில்லாக்களின் கட்சிக்காரருக்குச் சென்னைப் பிரயாணம் மிஞ்சியதுதான் கண்ட பலன்.

பார்லிமெண்டு விஷயத்தில் நஷ்டம் இன்னும் நுட்பமானது. ஆட்சி பீடம் எந்த வானிலையில் இருக்கிறதோ அந்த வானிலையே அதன் கண்ணுக்குத் தெரிகிறது. ஓர் உதாரணம் போதும். 2024-ல் தமிழ்நாட்டு சர்க்கார் வெப்ப அலையைத் தன் ராஜ்யத்துக்குரிய பேரிடராக அறிவிக்க நேர்ந்தது. ஏன்? அப்பொழுது மத்திய சர்க்காரின் பேரிடர் நிவாரண நிதிக்குரிய பட்டியலில் உறைபனியும் குளிர் அலையும் இடம்பெற்றிருந்தன. வெப்ப அலை இடம்பெறவில்லை. 2015-ம் வருஷக் கோடையில் ஆந்திரத்திலும் தெலுங்கானாவிலும் சுமார் இரண்டாயிரம் பேர் வெயிலுக்குப் பலியான பிறகும் இதுதான் நிலைமை! குளிரில் மாண்டவருக்கு நிவாரணம் அளிப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. வெயிலில் மாண்டவரும் இத்தேசத்துப் பிரஜையே என்றுதான் சொல்லுகிறோம். தை மாதத்தில் இங்கே வந்து கூடுவோருக்குச் சித்திரைப் புழுக்கம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். உடம்புக்குத் தெரியாதுதான். ஆனால் உப்பளத் தொழிலாளியும் கட்டட வேலையாளும் மீனவனும் நேரில் வந்து மனுக் கொடுக்கும் தூரத்தில் மந்திரிகள் இருப்பார்கள். செவிக்காவது தெரியும்.

செலவைக் காட்டிப் பயமுறுத்துவோர் உண்டு. அவர்கள் காஷ்மீரத்தைச் சுட்டிக்காட்டலாம். அங்கே 1872-ம் வருஷம் முதல் கோடையில் ஸ்ரீநகரும் குளிர்காலத்தில் ஜம்முவும் தலைநகரங்களாயின. லாரி லாரியாகத் தஸ்தாவேஜுகள் மலைவழியே போய் வந்தன. 2020-ல் அந்த ஹைகோர்ட்டே வீண் செலவென்று இதைக் கண்டித்தது. 2021-ல் வழக்கம் நிறுத்தப்பட்டது. ஆயினும் ஜம்முவின் வியாபாரிகள் முதலியோர் விரும்பியபடி 2025-ல் மீண்டும் தொடங்கியது. நாம் சர்க்கார் முழுவதையும் மூட்டை கட்டிக்கொண்டு வரச் சொல்லவில்லை. நமக்குத் தகுந்த முன்மாதிரி வேறு. 1953-ல் செய்த நாகபுரி ஒப்பந்தத்தை அனுசரித்து மகாராஷ்டிர சட்டசபை வருஷந்தோறும் ஒரு கூட்டத்தை நாகபுரியில் நடத்தி வருகிறது. கர்நாடகமும் பெல்காமில் 2012-ல் இதற்கென்றே மாளிகை திறந்து அங்கே கூடுகிறது. ஒரு ராஜ்யத்தால் இயன்றது ஒரு தேசத்தால் இயலாதா? டில்லியில் 2023-ல் திறக்கப்பட்ட புதிய பார்லிமெண்டு மாளிகை வெறுமையாய்க் கிடக்குமே என்றால், கோடையிலும் அது வெறுமையாய்த்தான் கிடக்கிறது. டில்லி வெயிலுக்கு அஞ்சி விடுமுறை விடத் தெரிந்தவர்கள், டில்லிப் பனிக்கு அஞ்சி இடம் மாற ஏன் தயங்க வேண்டும்?

இடத்தையும் காலத்தையும் பற்றி நாம் பிடிவாதம் பிடிக்கவில்லை. சென்னையே வேண்டுமென்று கேட்பது உசிதமாகாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் நமது மழைக்காலம். டிசம்பரிலும் புயல் வருவதுண்டு. 2015-ல் வெள்ளமும் 2016-ல் வர்தா புயலும் 2023-ல் மிக்ஜாம் புயலும் அம்மாதத்திலேயே சென்னையை வருத்தின. ஆகையால் டிசம்பரில் நடக்கும் குளிர்காலக் கூட்டம் கடலுக்குத் தூரமான ஐதராபாத்திலோ பெங்களூரிலோ நடைபெறட்டும். சுப்ரீம் கோர்ட்டின் தென்னாட்டு பெஞ்சு தை, மாசி மாதங்களில் சென்னையில் அமரட்டும். மூன்று வருஷங்கள் பரீட்சித்துப் பார்த்த பிறகு, பலனைக் கண்டு நிரந்தர ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

இது வடக்குக்கும் தெற்குக்கும் நடக்கும் சண்டையன்று. மூடுபனியில் மூச்சுத் திணறும் வடநாட்டு அங்கத்தினருக்கும் இதனால் நன்மையே. எந்த வானிலை சிறந்தது என்று தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் ஒரு தேசத்துக்கு இல்லை, இரண்டும் அதனுடையவையே. தென்னாட்டு ராஜ்யங்களின் அங்கத்தினர் கட்சி பேதமின்றி ஒன்றுகூடி, அடுத்த கூட்டத்திலேயே இதற்கான பிரேரணையைக் கொண்டுவர வேண்டும். வக்கீல் சங்கங்கள் தீர்மானங்கள் நிறைவேற்றி அனுப்ப வேண்டும். 85-வது ஷரத்தில் எழுதியுள்ள 'இடம்' என்ற சொல் அச்சு மையாகவே இருந்துவிடாமல் ஒரு முறையேனும் உயிர்பெற்று நடமாட வேண்டுமென்பதே நமது வேண்டுகோள்.