அறியப்படாத கலைஞர்: விண்டோஸின் புதிய மீடியா பிளேயரும் எங்கட பாட்டுகளும்

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறோம், பிறகு சண்டை பிடிக்கலாம். விண்டோஸ் 11இல் வந்த புதிய மீடியா பிளேயர் வடிவாகத்தான் இருக்கிறது. வட்டமான மூலைகள், கண்ணைக் குத்தாத கறுப்பு, முழுத்திரையில் போட்டால் ஆல்பத்தின் படம் பெரிசாக வந்து நிற்கும். மினி பிளேயரை ஒரு மூலையில் போட்டுவிட்டு அசைன்மென்ட் எழுதலாம். பழைய பிளேயரின் நீலமும் சாம்பலுமான அந்தக் கந்தோர்ச் சாயலைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, திறந்தவுடனே ஒரு சந்தோசம் வந்தது உண்மை.

இது எங்கிருந்து வந்தது எண்டதையும் சொல்லவேணும். 2009இல் விண்டோஸ் 7ஓடு வந்த மீடியா பிளேயர் 12 அப்படியே கிடக்க, மைக்ரோசொஃப்ட் பக்கத்தில் வேறொன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. எக்ஸ்பொக்ஸ் மியூசிக் எண்டு தொடங்கி, 2015இல் குரூவ் மியூசிக் எண்டு பெயர் மாறி, மாதக் காசுக்குப் பாட்டு விற்றுப் பார்த்து, 2017 கடைசியோடு அந்தச் சேவையை மூடினார்கள். எஞ்சின குரூவைத்தான் 2021 நவம்பரில் மீடியா பிளேயர் எண்ட பழைய பெயருக்குள் புகுத்தினார்கள். ஆக, பெயர் தாத்தாவுடையது, உடம்பு குரூவுடையது. எங்கட முறைப்பாடு அந்த உடம்பில் இருந்துதான் தொடங்குது.

மியூசிக் லைப்ரரியைத் திறந்தால் பாடல்கள், ஆல்பங்கள், கலைஞர்கள் எண்டு மூன்று வாசல். பாட்டுக் கேட்கிற ஒருவர் இந்த மூன்றில் ஒன்றால்தான் உள்ளே வருவார் எண்டு யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். ஒரு இங்கிலிஸ் பாண்டுக்கு இது சரி. பாண்ட்தான் கலைஞர், அவர்கள் விட்டது ஆல்பம், அதற்குள் இருப்பது பாட்டு. தமிழ்ப் பாட்டுக்கு ஆர் கலைஞர்?

ஒரு சினிமாப் பாட்டை எடுங்கோ. இசை இளையராஜா, பாடினது எஸ்.பி.பியும் ஜானகியும், எழுதினது வைரமுத்து. ஒரு ஃபைலில் கலைஞர் எண்ட இடத்தில் இளையராஜா இருப்பார். அடுத்ததில் எஸ்.பி.பி. இன்னொன்றில் பாட்டை இறக்கின இணையத்தளத்தின் பெயரே கலைஞராகிப் போயிருக்கும். எஸ்.பி.பி. எண்டும், எஸ். பி. பாலசுப்பிரமணியம் எண்டும், எஸ்.பி.பாலு எண்டும் மூன்று விதமாக எழுதியிருந்தால் பிளேயருக்கு அவர் மூன்று ஆள். அம்மா ஆக்கள் பாட்டைப் படப்பெயரால் தேடுவினம், நாங்கள் இசையமைப்பாளரால் தேடுவம், கவிதைப் பித்துப் பிடிச்ச சிலர் எழுதினவரின் பெயரால் தேடுவினம். கடைசி ஆக்களுக்கு இங்கே வாசலே இல்லை.

பிழை பிளேயரில் மட்டும் இல்லை, எம்.பி.3க்குள்ளேயே தொடங்கிவிட்டது. 1996இல் எரிக் கெம்ப் எண்டவர் எம்.பி.3 ஃபைலின் வாலில் 128 பைட் ஒட்டினார். அதுதான் ஐடி3. தலைப்புக்கு 30 எழுத்து, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30. என்ன வகை இசை எண்டு சொல்ல ஒரேயொரு நம்பர், அதற்கு 80 வகை கொண்ட பட்டியல். தமிழ் சினிமாப் பாட்டு முழுக்க அதில் 24ஆம் நம்பருக்குள் அடங்கவேணும்: 'சவுண்ட்ராக்'. அதற்கு முந்தின இரண்டும் 'டெத் மெட்டல்', 'பிராங்க்ஸ்'. நல்ல அயலட்டை!

ஆனால் 1998இல் வந்த இரண்டாவது ஐடி3இல் இதெல்லாம் திருத்தப்பட்டுவிட்டது. யூனிகோட்டில் எழுதலாம். இசையமைப்பாளருக்குத் தனி இடம், பாடினவருக்குத் தனி இடம், பாட்டை எழுதினவருக்கும் தனி இடம். அதாவது கவிஞரின் பெயரை ஃபைலுக்குள் வைக்க வழி வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. அந்த இடத்தைப் பார்க்க ஒரு வாசல் வைக்காமல், ஆல்பப் படத்தை எவ்வளவு பெரிசாகக் காட்டலாம் எண்டதில் உழைப்பைப் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு உறுத்துறது இதுதான்.

'ஆர் இப்ப லப்டொப்பில் ஃபைல் வைச்சுக் கேக்கினம், எல்லாரும் ஸ்பொட்டிஃபையில் அல்லது யூரியூப்பில்தானே?' எண்டு எங்களுக்குள்ளேயே கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. 2021 பெப்ரவரியில் ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தபிறகு எங்களில் பாதிப்பேர் புதுப்பாட்டுக்காக எம்.பி.3 பக்கம் போவதே இல்லை. அங்கே பாட்டின் விபரத்தைத் திறந்தால் பாடினவர், எழுதினவர், தயாரித்தவர் எண்டாவது போடுகிறார்கள்.

சரி, ஸ்பொட்டிஃபையில் இல்லாதது? குழுவின் லப்டொப்பில் இருக்கிற ஃபோல்டரைத் திறந்தால், கசற்றிலிருந்து யாரோ மாற்றிக் கொடுத்த பழைய பொப்பிசைப் பாட்டுகள், கோயில் திருவிழாவில் ஃபோனில் பதிஞ்ச நாதஸ்வரம், இரவிரவாக நடந்த ஒரு காத்தவராயன் கூத்து, அயலில் இருந்த அம்மம்மா ஒருவரின் தாலாட்டு, எங்கட நண்பர்கள் அறைக்குள் மெத்தையைச் சாத்திவைச்சுப் பதிஞ்ச ராப். கொமினிகேசன் கடையில் மெமரி காட்டுக்கு ஏத்தின காலத்துச் சாமான்களும் கிடக்கு. இதில் பெரும்பாலானவை இன்னொரு இடத்தில் இல்லை.

இந்த ஃபோல்டரைப் புதிய பிளேயருக்குக் காட்டினம். நிறையப் படம், நிறைய நிறம், நடுவில் ஒரு பெரிய சாம்பல் கட்டம்: 'அறியப்படாத கலைஞர்'. கூத்தும் தாலாட்டும் ராப்பும் எல்லாம் ஒரே குவியலாக அதற்குள். சிலதின் பெயர்கள் இங்கிலிஸ் எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. வைரஸோ எண்டு முதலில் பயந்தம். பிறகுதான் விளங்கிச்சு, முந்தி யாரோ பாமினியில் அடிச்சு வைச்சிருக்கினம். பாமினி எழுத்துரு இல்லாத இடத்தில் அது அப்படித்தான் தெரியும்.

இதில் பெரிய பிழை எங்களுடையது. ஒரு ஃபைலுக்கும் விபரம் எழுதி வைக்கவில்லை. ஃபோல்டரின் பெயரை வைச்சே இவ்வளவு நாளும் சமாளிச்சிருக்கிறம்: 'கூத்து', 'அம்மம்மா', 'பெடியள்'. பழைய மீடியா பிளேயர் 12இல் இடப்பக்கப் பட்டியலை மாற்றி, ஃபோல்டர் வழியாகவும் இசையமைப்பாளர் வழியாகவும் நூலகத்தைப் பார்க்கலாம். வடிவில்லாத பிளேயர்தான், ஆனால் எங்கட ஒழுங்கீனத்துக்கும் ஒரு கதிரை போட்டு வைச்சிருந்தது. புதியதில் கூத்தைக் கேட்க, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டரைத் திறந்து இரட்டைக் கிளிக் பண்ணுறதுதான் எங்களுக்குச் சுகமாக இருக்கு. அப்படியெண்டால் நூலகம் எதுக்கு?

இதைச் சின்ன விசயம் எண்டு சொல்லுவீங்கள். ஆனால் கண்ணுக்கு முன்னால் வராத பாட்டை ஒருத்தரும் போடமாட்டினம். போடாத ஃபைலை, ஹார்ட் டிஸ்க் நிரம்புற அண்டைக்கு முதலில் அழிப்பினம். அழிக்கிற கையும் எங்கட கையாகத்தான் இருக்கும். பெயரில்லாத 40 நிமிச ஓடியோ ஒன்றை எங்களில் ஒருவர் அழிக்கப்போய், ஒருக்கால் போட்டுப் பாப்பம் எண்டு போட்டதால்தான் அந்தத் தாலாட்டு இண்டைக்கும் இருக்கு.

கூத்துக்கு விபரம் எழுத உட்கார்ந்தபோது இன்னொரு சிக்கல் வந்தது. கலைஞர் எண்ட ஒற்றைப் பெட்டிக்குள் ஆரைப் போடுறது? அண்ணாவியாரையா, ஆடினவையையா, பக்கப்பாட்டுக் காரரையா, மத்தளம் அடிச்சவரையா? ஒரு மணித்தியாலம் வாக்குவாதப்பட்டம். கடைசியில் கலைஞருக்கு அண்ணாவியாரின் பெயர், ஆல்பத்துக்குக் கூத்தின் பெயரும் ஊரும் வருசமும், மற்ற எல்லாரையும் குறிப்புப் பெட்டிக்குள் எண்டு முடிவெடுத்தம். மத்தளக்காரரின் பெயர் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. ஊரில் விசாரிக்க ஆள் அனுப்பியிருக்கிறம்.

புதிய பிளேயரை நாங்கள் அழிக்கவில்லை. மினி பிளேயர் நல்லாயிருக்கு, படம் பார்க்கவும் வசதி. அதன் தேடல் பெட்டியும், விபரம் எழுதின பிறகு, ஒழுங்காக வேலை செய்யுது. ஆனால் ஃபோல்டருக்கு ஒரு வாசல், எழுதினவருக்கு ஒரு வாசல், இந்த இரண்டும் வேணும். பழையதை விருப்பமானவை இன்னும் பாவிக்கலாம். ஸ்டார்ட்டில் மீடியா பிளேயர் எண்டு அடிச்சுத் தேடினால் 'லெகசி' எண்ட வாலோடு கீழே நிற்கும். அதுக்குள் அந்த ஆடுகிற நிறக்கோடுகளும் அப்படியே இருக்கு.

விபரம் எழுதுற வேலையில் இதுவரை 60 ஃபைல் முடிஞ்சுது. இன்னும் ஆயிரத்துக்கு மேலே கிடக்கு. பாமினியை யூனிகோட்டுக்கு மாற்றத் தெரிந்தவை, சனிக்கிழமை பின்னேரம் வெறுங்கையோடு வந்தாலும் சரி, தேத்தண்ணி எங்கட செலவு.