குடலுக்கும் ஒரு கடிகாரம் உண்டு

வயதானவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி என்று சுற்றிவிட்டுக் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: "காலையில் சரியாகப் போகிறதா?" மற்றதையெல்லாம் டாக்டரிடம் சொல்கிறவர்கள் இதை மட்டும் பூங்கா பெஞ்சில்தான் சொல்கிறார்கள். மருந்தும் அங்கேயே கிடைத்துவிடுகிறது. கூச்சப்படாமல் இதைக் கொஞ்சம் பேசலாமே.

மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனாலோ என்னவோ, குடலும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது என்று படித்தபோது ஆர்வமாகிவிட்டது. இதயத்துக்கு ஈசிஜி எடுக்கிறார்களே, அதுபோல இரைப்பையிலும் குடலிலும் மெல்லிய மின் அலைகள் எழுந்துகொண்டே இருக்கின்றன. இரைப்பையில் நிமிடத்துக்கு சுமார் 3. சிறுகுடலின் தொடக்கத்தில் சுமார் 12. இந்தத் தாளத்தைப் போடும் செல்களுக்கு, அவற்றை விவரித்த ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி கஹாலின் பெயர். நரம்பு மண்டல ஆய்வுக்காக 1906ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்.

அலை மட்டும் இருந்தால் போதாது. சாப்பாடும் நரம்பும் தூண்டும்போது அந்த அலையின் மேல் கூர்மையான துடிப்புகள் எழும். அப்போதுதான் தசை நன்றாகச் சுருங்கும். லைனில் கரண்ட் இருந்தாலும் சுவிட்சைப் போட்டால்தானே விளக்கு எரியும்? 1899ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், வெளி நரம்புகளைத் துண்டித்த பிறகும் நாயின் குடல் தானாகவே பொருளைத் தள்ளிக்கொண்டு போவதைக் காட்டினார்கள். மெயின் லைன் போனாலும் ஓடுகிற சொந்த ஜெனரேட்டர்!

பெருங்குடல் இரவில் பெரும்பாலும் ஓய்வில் இருக்கும். காலையில் விழித்த பிறகும், சாப்பிட்ட பிறகும்தான் அதில் பெரிய உந்தல் வரும். காபி உள்ளே போனதும் சிலருக்கு அவசரம் வருவது அதனால்தான். அந்த உந்தல் நாளுக்குச் சில முறைதான் வரும்.

அந்த நேரத்தில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மகனுக்கு ஆபீஸ், மருமகளுக்கு பஸ், பேரனுக்கு ஸ்கூல் வேன். கழிவறையோ ஒன்று. "நாம் வீட்டில்தானே இருக்கிறோம், அப்புறம் போய்க்கொள்ளலாம்" என்று பெரியவர் ஒதுங்கிக்கொள்கிறார். வந்த உந்தல் அடங்கிவிடும். பெருங்குடல் மட்டும் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் இறுகும். பிறகு முக்கல், மூலம், கடைசியில் பேதி மாத்திரை.

அந்த மாத்திரையில் ஒரு சங்கடம். பலமான பேதியில் குடல் முழுக்கக் காலியாகிவிட்டால், மறுபடி நிறைய இரண்டு மூன்று நாள் ஆகலாம். நம்மவர்களுக்கு அதுவரை பொறுமை ஏது? மறுநாளே "போகவில்லையே" என்று இன்னொரு மாத்திரை. தினம் போயே ஆகவேண்டும் என்று சட்டமும் இல்லை. நாளுக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை இயல்பு என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

என் கட்சி இதுதான்: மலச்சிக்கலுக்கு முதல் மருந்து அவசரமில்லாத கால் மணி நேரம். பெரியவர்களே, காலையில் கழிவறைக்கு முறை கேட்பதில் கூச்சம் வேண்டாம். பிள்ளைகளே, கதவைத் தட்டாதீர்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலடியில் சின்ன மணை போட்டுக்கொண்டால் முக்கல் குறையும். ராத்திரி எழுந்து போகவேண்டுமே என்று பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். தண்ணீருக்கு டாக்டர் அளவு வைத்திருந்தால் அதுதான் கணக்கு. கீரையும் காயும் தட்டில் இருக்கட்டும். முடிந்த அளவு நடங்கள்.

இரும்புச் சத்து மாத்திரை, சில வலி மாத்திரைகள், சில பிரஷர் மாத்திரைகள்கூடக் குடலை மந்தமாக்கும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, பல வருடப் பழக்கம் திடீரென்று மாறுவது என்றால் உடனே காட்டுங்கள். வயிறு உப்பி, வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள்.

பூங்கா பெஞ்சில் சொல்வதை டாக்டரிடமும் சொல்லிப் பழகுவோம். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.