டி.நகர் யாராவது வரீங்களா?

அடையாறிலிருந்து தி.நகருக்கு நான் நம்பியிருந்த பஸ்ஸின் நம்பரைச் சொல்ல மாட்டேன். அதன் கண்டக்டர் இந்தப் பக்கத்தைப் படிக்கக்கூடும். அடுத்த முறை என் முகத்தைப் பார்த்ததுமே டபுள் விசில் கொடுத்துவிடுவார்.

அந்த பஸ் வராது. வந்தால் மூன்றாகச் சேர்ந்து வரும். முதல் பஸ் நிரம்பி வழியும், நிற்காது. இரண்டாவது காலியாக இருக்கும், அதுவும் நிற்காது. மூன்றாவது நிதானமாக நிற்கும். ஓடிப் போய்ப் பார்த்தால் டெப்போவுக்குப் போகிற வண்டி. அப்போது நான் பாண்டி பஜார் பக்கம் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். பைக்கைத் தம்பி காலேஜுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். பறக்கும் ரயில் இருக்கிறதே என்பீர்கள். அது பறக்கிற திசையில் தி.நகர் இல்லை, ஸார்.

2018 ஜனவரி 4ஆம் தேதி சாயந்திரம் தமிழ்நாடு முழுக்க பஸ் ஸ்டிரைக் ஆரம்பித்தது. ஊழியர்கள் கேட்டது 2.57 மடங்கு ஊதிய உயர்வு. அரசு தருவதாகச் சொன்னது 2.44. ரிடையர் ஆனவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கியைக் கொடுங்கள் என்பது இன்னொரு கோரிக்கை. அந்த இரண்டாவதை நான் அப்போது சரியாகப் படிக்கவில்லை. பேப்பரில் நான் தேடியது ஒரே விஷயம்: நாளைக்கு பஸ் உண்டா?

இல்லை. மறுநாள் காலை அடையாறு சிக்னலில் ஒரு சின்ன மாநாடு நடத்தலாம் போல் கூட்டம். ஆட்டோக்காரர் ஒருவர் சொன்ன ரேட்டில் என் ஒரு நாள் சம்பளம் எட்டிப் பார்த்தது. அந்த நேரம் ஒரு வெள்ளை மாருதி 800 ஓரமாக வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி, நெற்றியில் விபூதியும் அரைக்கை வெள்ளைச் சட்டையுமாக ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"டி.நகர் யாராவது வரீங்களா?"

ஒருத்தரும் அசையவில்லை! "தலைக்கு முப்பது ரூபாய்" என்றிருந்தால் அடிதடி நடந்திருக்கும். சும்மா கூப்பிட்டதுதான் தப்பு. சும்மா வருவதில் நமக்கு அவ்வளவு சந்தேகம். கடைசியில் ஆபீஸ் லேட் அட்டெண்டன்ஸை நினைத்துக்கொண்டு நான் ஏறினேன். நான் ஏறியதைப் பார்த்து பெசன்ட் நகர்ப் பையன் ஒருவன் ஏறினான்.

கோட்டூர்புரம் பக்கம் ஒரே நெரிசல் என்று ஸார் திரு.வி.க. பாலம் வழியாக விட்டார். மந்தைவெளியில் சிவப்பு விழுந்தது. பின்கதவு திறந்தது. முதலில் ஒரு டிபன் கேரியர் உள்ளே வந்தது, பிறகு அதன் சொந்தக்காரர் வந்தார். "தி.நகர்தானே? விடுங்கோ, விடுங்கோ" என்றார். இப்படித்தான் எங்களுக்கு மயிலாப்பூர்க்காரர் கிடைத்தார்.

11ஆம் தேதி இரவு ஸ்டிரைக் முடிந்தது. நன்றி சொல்லிப் பிரிந்திருக்கலாம். 20ஆம் தேதி கட்டணத்தை ஏற்றினார்கள். 2011க்குப் பிறகு முதல் தடவை. குறைந்தபட்ச டிக்கெட் 3 ரூபாயிலிருந்து 5. மாணவர்கள் தெருவுக்கு வந்த பிறகு கொஞ்சம் குறைத்தார்கள். அதற்குள் எங்களுக்குக் கார் பழகிவிட்டது.

காரில் சேர்ந்து போவதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம் என்று நினைக்கிறீர்கள். ஆள் கிடைத்த பிறகுதான் கஷ்டம். முதலில், வழி. காந்தி நகரிலிருந்து தி.நகருக்கு கோட்டூர்புரம், நந்தனம், வெங்கடநாராயணா ரோடு என்று போவதுதான் மனித இயல்பு. மந்தைவெளி, ஆழ்வார்பேட்டை, எல்டாம்ஸ் ரோடு என்றால் சுற்று. மயிலாப்பூர்க்காரர் ஒத்துக்கொள்ளவே இல்லை. காசிக்குப் போவதானாலும் லஸ் வழியாகத்தான் போக வேண்டும் என்று நினைக்கிற பரம்பரை.

"முதல் நாளே இந்த வழியாத்தானே வந்தோம்?" என்றார்.

வழிப்பாத்தியம் கேட்க 20 வருஷம் தடையில்லாமல் நடந்திருக்க வேண்டும் என்கிறது 1882ஆம் வருஷத்துச் சட்டம். இவர் ஒரே நாளில் வாங்கிவிட்டார்.

இரண்டாவது, நேரம். காலை 8.40 என்று பேச்சு. ஸாருக்கு வாட்ஸ்அப் பிடிக்காது. ஒரு மிஸ்டு கால் என்றால் கிளம்பிவிட்டேன், இரண்டு என்றால் வாசலில் நிற்கிறேன். மயிலாப்பூர்க்காரருக்கு மட்டும் ஏழெட்டு போகும். அவர் அதை எடுத்துப் பேசி, "இதோ லிஃப்ட்ல இருக்கேன்" என்பார். அவர் வீட்டில் லிஃப்ட் கிடையாது.

மூன்றாவது, காசு. பி.காம். சும்மா விடுமா? போகவர 16, 17 கிலோமீட்டர். சென்னை நெரிசலில் அந்த 800 லிட்டருக்குப் பதினாலு கொடுத்தால் அதிகம். பெட்ரோல் எழுபதைத் தாண்டியிருந்தது. நாலாக வகுத்தால் தலைக்கு இருபது ரூபாய் சொச்சம். மாதக் கடைசியில் ஒரு கவரில் போட்டு நீட்டினேன்.

ஸாரின் முகம் மாறிவிட்டது. "நான் என்ன டாக்ஸியா ஓட்டறேன்?"

கோபம் என்று நினைத்தேன். சட்டமும் அவர் பக்கம்தான் என்று பிறகு தெரிந்தது. வெள்ளை நம்பர் பிளேட் வண்டியில் பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஆள் ஏற்றக் கூடாது. அவருடைய இன்ஷூரன்ஸ் பாலிஸியிலும் 'ஹயர் ஆர் ரிவார்டு' தவிர மற்ற உபயோகத்துக்குத்தான் இந்தக் காப்பீடு என்று பொடி எழுத்தில் இருந்தது. 2023ல் பெங்களூரில் கார் பகிரும் ஆப்களை வைத்து இதே வெள்ளை போர்டு விவகாரம் பெரிதாகி மந்திரி விளக்கம் சொல்லும்படி ஆயிற்று.

காசு வாங்காத மனிதரின் வண்டியில் தினமும் உட்காருவது லேசு இல்லை. ஏ.ஸி.யைக் கொஞ்சம் கூட்டுங்கள் என்று சொல்ல வாய் வராது. சின்ன சின்னதாகக் கடன் அடைத்தோம். பையன் வாரம் ஒருநாள் வண்டி கழுவினான். மயிலாப்பூர்க்காரர் டிகாக்ஷனுக்குக் காப்பிப் பொடி அரைத்து வாங்கி வந்தார். நான், "ஸார், உங்க இன்கம்டாக்ஸ் ரிட்டர்னை நான் போட்டுத் தரேன்" என்றேன். "பார்க்கலாம்" என்றார்.

அரசாங்கமே கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும்? ஜகார்த்தாவில் 1992லிருந்து அந்தச் சட்டம் இருந்தது. நெரிசல் நேரத்தில் பெரிய சாலைகளில் காருக்குள் மூன்று பேராவது இருக்க வேண்டும். உடனே ஒரு புதுத் தொழில் பிறந்தது. 'ஜோக்கி' என்று பெயர். சாலையோரம் நின்று விரல் காட்டுவார்கள். காசு கொடுத்து ஏற்றிக்கொண்டால் உங்கள் கணக்கு சரியாகிவிடும். கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணுக்குக் கிராக்கி அதிகம், ஒரே ஆளில் இரண்டு தலை. 2016ல் சட்டத்தை எடுத்தார்கள். மாலையில் ஒரு கிலோமீட்டர் நகர 2.8 நிமிஷம் ஆனது போய் 5.3 நிமிஷம் ஆனது என்று அளந்து சொன்னார்கள். போக இடம் இல்லாதவர்கள் அடுத்தவர் காரில் உட்கார்ந்தே அந்த ஊரைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறார்கள். நான் இதைக் காரில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். ஸார் மட்டும், "பாவம், அவங்களுக்கும் காலைல கிளம்பணும்ல" என்றார்.

அந்த ஜூலையில் ஸார் தன் ஃபாரம் 16ஐக் கொடுத்தார். இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்து மூன்றாம் நாள் கொடுத்தார்.

ஃபாரம் 16ன் முதல் பாகத்திலேயே ஒரு கட்டம் உண்டு. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை அந்த இடத்தில் வேலை பார்த்தார் என்று போட்டிருக்கும். 1.4.2017 முதல் 28.2.2018 வரை. கீழே கிராஜுவிட்டி, லீவ் என்காஷ்மென்ட்.

நான் காலண்டரைப் பார்த்தேன். மார்ச், ஏப்ரல், மே, ஜூன், ஜூலை. ஐந்து மாதமாக அந்த மனிதர் காலை 8.40க்கு எங்களை ஏற்றி, பனகல் பார்க்கில் இறக்கி, "ஈவினிங் ஆறு மணி, மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார். மார்ச்சிலிருந்து ஷூ போய்ச் செருப்பு வந்தது. வெயில் என்று நினைத்தோம்.

மறுநாள் சாயந்திரம் மற்ற இருவரும் இறங்கிய பிறகு பேச்சை எடுத்தேன்.

"ஸார், ரிட்டர்ன் போட்டுட்டேன்."

"ம்."

"எங்களை இறக்கிட்டு எங்கே ஸார் போறீங்க?"

ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நடேசன் பார்க்ல ரெண்டு ரவுண்டு. அப்புறம் வீட்டுக்குப் போய் சாப்பாடு, தூக்கம். அஞ்சு மணிக்குத் திரும்பக் கிளம்பிடுவேன்."

அப்படியானால் நாளைக்கு இரண்டு நடை இல்லை, நாலு நடை. என் இருபது ரூபாய்க் கணக்கு மொத்தமும் தப்பு.

"வீட்ல தெரியுமா ஸார்?"

"அவதான் போகச் சொன்னா. சும்மா இருந்தா கிச்சன்ல வந்து வந்து நிக்கறேனாம்." கொஞ்ச தூரம் போன பிறகு, "அவங்க ரெண்டு பேர்கிட்டே சொல்லாதே தம்பி. அப்புறம் ஏற மாட்டாங்க" என்றார்.

எனக்கும் அந்த நிமிஷம் இனிமேல் ஏறக் கூடாது என்றுதான் தோன்றியது. ராத்திரி தம்பியிடம் பைக்கைக் கேட்கக்கூடச் செய்தேன். காலையில் ஒரு மிஸ்டு கால் வந்தது. பிறகு இரண்டு. இறங்கிப் போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

மந்தைவெளியில் எட்டு நிமிஷம் காத்திருந்தோம். டிபன் கேரியர் வந்தது, பின்னால் ஆள் வந்தார்.

"என்ன ஸார் நீங்க, தினமும் இப்படி? ஆபீஸுக்கு லேட்டாகுதா இல்லையா?" என்று எரிந்து விழுந்தார் ஸார். கியரைப் போட்டுக்கொண்டே என்னை ஒரு தடவை ஓரக்கண்ணால் பார்த்தார். நான் இன்ஷூரன்ஸ் பாலிஸியை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன்.