அப்டேட் பண்ணாதேன்னு சொல்லும் அறிவாளிகளுக்கு

டிஸ்கி: இது என்னை மாதிரியே பொட்டி தட்டுற மக்களுக்கான பதிவு. கொஞ்சம் சூடா இருக்கும்.

குற்றால சீசனுக்கு ஊருக்கு வர்ற பெருமக்களே, உங்களோட எனக்கு ஒரு சண்டை இருக்கு. சாரல் ஆரம்பிச்சதும் சென்னை, பெங்களூர்ல இருந்து கிளம்பி வருவீங்க. ஐந்தருவியில குளியல், ராத்திரி பரோட்டா. மறுநாள் சித்தப்பா கடையில ஒரு பழைய டெஸ்க்டாப்பைப் பார்த்ததும் கை அரிக்கும். "விண்டோஸ் எதுக்கு? உபுண்டு போட்டுத் தாரேன்" என்று போட்டும் கொடுப்பீங்க. நல்ல காரியம்தான். ஆனா கிளம்பும்போது ஒண்ணு சொல்லிட்டுப் போறீங்களே, "அப்டேட் கேட்டா வேண்டாம்னு கொடுத்துடுங்க, பண்ணினா புட்டுக்கும்" என்று. அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

முதல்ல, எது புட்டுக்கும்? ஆப்ட் என்ற பேக்கேஜ் மேனேஜர் 1999-இல் டெபியன் 2.1-ஓடு வந்தது. உபுண்டுவிலும் அதே ஆள்தான். அதில் மூன்று வேலைகள் தனித்தனி. "அப்டேட்" கொடுத்தால் கடையில் இன்றைக்கு என்ன சரக்கு இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் வரும், எதையும் நிறுவாது. "அப்கிரேட்" கொடுத்தால் புதுசு வந்த பொதிகளை மாற்றும், இருக்கிற எதையும் நீக்காது. நீக்கவும் உரிமை உள்ளது "ஃபுல்-அப்கிரேட்". இந்த மூணையும் ஒரே மூட்டையில கட்டி "அப்டேட்" என்று பேர் வச்சுப் பூச்சாண்டி காட்டுறது படிச்ச புள்ளைங்க செய்ற வேலையா?

காவல்காரனையே மாத்த வேண்டிய நேரமும் வரும். 2019 ஜனவரியில் ஆப்ட்-இலேயே ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. உங்கள் பொட்டிக்கும் சர்வருக்கும் நடுவில் ஒருவன் உட்கார்ந்தால், பொதி என்ற பெயரில் தன் சரக்கை அனுப்பி, ரூட் அதிகாரத்தோடு ஓட வைக்கலாம். மருந்து என்ன? ஆப்ட்-ஐயே அப்கிரேட் செய்வது. அந்த ஒரு அப்கிரேடை மட்டும் ரீடைரக்ட் வசதியை அணைத்துவிட்டுச் செய்யச் சொன்னார்கள் டெபியன்காரர்கள். "பண்ணாதீங்க" என்ற உங்க உபதேசத்தை அப்படியே கேட்டவர் பொட்டியில அந்த ஓட்டை இன்னிக்கும் திறந்தே கிடக்கும்.

இது ஏதோ கம்பெனி சர்வர் கதைன்னு நினைக்காதீங்க. தென்காசியில ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்கார அண்ணாச்சிக்கு உறவுக்காரத் தம்பி ஒருத்தர் போட்டுக் கொடுத்தது உபுண்டு 23.10. அது அக்டோபர் 2023-இல் வந்த பதிப்பு, ஆயுளே 9 மாசம்தான். ஜூலை 2024-இல் முடிந்தது. முடிஞ்ச பதிப்பின் பொதிகளைப் பழைய கிடங்குக்கு மாத்திடுவாங்க, அதனால எதைக் கேட்டாலும் 404. பாதுகாப்பு அப்டேட் தானா வர்ற வசதியையும், நெட் தீந்துடும்னு தம்பி அணைச்சு வச்சிருந்தார்.

சரி, சரி பண்ணுவோம்னு உட்கார்ந்தா பாஸ்வேர்டு கேட்டுச்சு. அண்ணாச்சி சொன்னார்: "அது தம்பிக்குத்தான் தெரியும். போன் போட்டுக் கேட்டுச் சொல்லுதேன்."

ரெண்டு வருசமா அவர் பொட்டி அவர் கையிலயே இல்லை! ஆதார், சாதிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக்னு ஊர்ச்சனத்தோட காகிதமெல்லாம் ஸ்கேன் ஆகிக் கிடக்குற பொட்டி அது. போன் வந்தப்புறம் ஃபைல்களை பென்டிரைவில் எடுத்து வைத்து, பட்டியலில் கிடங்கு முகவரியை மாற்றி, 24.04-க்கு ஏற்றியாச்சு. 2029 வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். ஒரு மத்தியானம் போச்சு, அவ்வளவுதான்.

இனி உங்க வாதங்கள். "2021-ல லினஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ்-ல ஸ்டீம் போடப் போய் டெஸ்க்டாப்பே காணாமப் போச்சே?" ஆமா, போச்சு. ஆனா அத்தியாவசியமானதை நீக்கப்போறேன்னு எச்சரிச்சு, ஒரு முழு வாக்கியத்தையே தட்டச் சொல்லிக் கேட்டுச்சு. அவர் தட்டினார். அதுக்கப்புறம் அப்படித் தட்டி நீக்குற வழியையே ஆப்ட்-இல் அடைச்சுட்டாங்க. இப்போ ஆப்ட் 3.0, நீக்கப்போறதைக் கடைசியில் சிவப்புல காட்டுது.

"மார்ச் 2024-ல எக்ஸ்இசட் பொதியில விஷம் வச்சாங்களே?" வச்சாங்க. டெபியனில் அது சோதனைப் பதிப்புகளோட நின்னுது, ஸ்டேபிளுக்கு வரலை. வெளியேத்தினது எப்படின்னு நினைக்கிறீங்க? "5.6.1+ரியலி5.4.5" என்று பழைய சரக்குக்குப் புது எண் ஒட்டி, அப்கிரேடாகவே அனுப்பினார்கள். விஷம் வந்த அதே வாசல் வழியாத்தான் மருந்தும் வந்தது. வாசலை அடைச்சு வச்சிருந்தா?

"22.04-ல ஃபயர்ஃபாக்ஸை ஸ்னாப்பா மாத்தி மெதுவாக்கிட்டாங்க." இதை ஒத்துக்கறேன், எனக்கும் கடுப்புதான். ஆனா அது உபுண்டுவோட சண்டை போட வேண்டிய விசயம். அதுக்காகக் கடைக்காரரை ஓட்டைப் பொட்டியில உட்கார வைக்கக் கூடாது.

நம்ம செட்டுக்கு அரசாங்கம் கொடுத்த இலவச மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் இருந்தது ஞாபகம் இருக்கா? சென்னை சி-டாக் செஞ்சது, டெபியன் அடிப்படை. எத்தனை பேர் அதுல ஒரு தடவையாவது அப்கிரேட் பண்ணினோம்? போட்டுக் கொடுக்குறது மட்டும் சேவை இல்லைங்கறதுக்கு அதுவே சாட்சி.

ஆகவே, அடுத்த சீசனுக்கு வரும்போது நீண்ட ஆயுள் பதிப்பை மட்டும் போடுங்க. பாஸ்வேர்டை உரிமையாளரே வைக்கட்டும். பாதுகாப்பு அப்டேட்டை அணைக்காதீங்க. நடுவுல கரண்ட் போனா "டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ" கொடுக்கணும்னு தமிழ்ல ஒரு தாள்ல எழுதி மானிட்டர் பக்கத்துல ஒட்டுங்க. நீக்கப் போகும் பட்டியலைப் படிச்சுட்டு "ஒய்" அழுத்தக் கத்துக் கொடுங்க. அரை மணி நேரம் ஆகுமா? அருவியில க்யூவில நிக்கிற நேரத்தை விடக் கம்மி.

என்னைத் திட்டணும்னா தாராளமா திட்டுங்க. ஆனா அதுக்கு முன்னாடி, நீங்க போட்டுக் கொடுத்த பொட்டியோட பாஸ்வேர்டை போன் பண்ணிச் சொல்லிட்டு வந்து திட்டுங்க.