இழுப்பறையில் கிடந்த பேட்ஜ்

இதய ஆஞ்சியோகிராம் அறையில் 14 ஆண்டுகளாகத் தாதியாக வேலை செய்கிறேன். மேசையில் படுக்கும் பலர் கேட்பது ஒரே கேள்வி: "மிஸ்ஸி, இந்த எக்ஸ்ரே உடம்புக்குக் கெடுதலா?"

"உங்களுக்கு எப்போதோ ஒரு தடவைதானே ஐயா, பயப்படாதீங்க" என்பேன். எனக்கு அது தினமும் என்பதை அதிகம் நினைத்ததில்லை.

நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர்தான் பக்கத்தில் நிற்கும் எங்களை வந்து சேர்கிறது. அதற்காகத்தான் ஈய அங்கி, கழுத்துக்கு தைராய்டு பட்டை, ஈயம் கலந்த மூக்குக்கண்ணாடி எல்லாம். எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்குச் சொல்வது சட்டையில் குத்தும் சிறு பேட்ஜ். அதை மாதந்தோறும் சோதனைக்கு அனுப்புவார்கள்.

அந்தப் பேட்ஜைச் சில மாதங்கள் இழுப்பறையிலேயே போட்டு வைத்தேன். அளவு கூடினால் வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள், அலவன்ஸ் போய்விடும் என்ற பயம். அறிக்கை நன்றாகவே வந்தது. வராமல் என்ன செய்யும்?

பிறகு எங்களோடு நின்ற மருத்துவர் ஒருவருக்கு ஐம்பது வயதுக்குள் கண்புரை வந்தது. கதிர்தான் காரணமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவருடைய பேட்ஜும் பாதி நாள் கொக்கியில்தான் தொங்கியது. கணக்கே இல்லாதபோது காரணத்தை எங்கே தேடுவது?

முன்பு நினைத்ததைவிடக் குறைந்த கதிரிலேயே கண்புரை வரலாம் என்று தெரியவந்ததால், அனைத்துலகக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் கண்வில்லைக்கான வரம்பை இறக்கியது. ஆண்டுக்கு 150 மில்லிசீவர்ட் என்றிருந்தது, ஐந்தாண்டுச் சராசரியாக 20 ஆனது.

இப்போது பேட்ஜ் இல்லாமல் உள்ளே போவதில்லை. மருத்துவர் பெடலை மிதிக்கும்போது, கையில் வேலை இல்லையென்றால் பின்னால் நகர்ந்துவிடுவேன். தூரம் இரு மடங்கானால் கதிர் ஏறக்குறைய கால் பங்காகிவிடும். செலவில்லாத பாதுகாப்பு அது. அங்கியையும் மடித்துப் போடாமல் மாட்டி வைக்கிறேன். மடித்தால் உள்ளே விரிசல் விழும்.

உங்கள் வீட்டிலும் இப்படிப்பட்ட அறையில் வேலை செய்யும் பிள்ளை இருக்கலாம். களைத்து வந்து சோற்றில் கை வைக்கும்போது, "சாப்பிட்டியா?" என்று கேட்பதோடு இன்னொன்றும் கேளுங்கள்: "இன்னிக்கு பேட்ஜ் போட்டிருந்தியா?"