பழைய பைதனும் புதிய பைதனும்

பாட்டன் பேச்சும் பேரன் பேச்சும் வேறுபட்டாலும் இருவரும் ஒருவாறு விளங்கிக்கொள்வர். கணினிக்கு அத்தாட்சணியம் இல்லை. கைடோ வான் ரொசம் ஆக்கிய பைதன் என்னும் நிரல்மொழியின் மூன்றாம் பதிப்பு 2008 டிசெம்பரில் வெளிவந்தபோது, இரண்டாம் பதிப்பில் எழுதிய நிரல்கள் பல அதில் ஓட மறுத்தன.

அச்சிடுங் கட்டளைக்கு அடைப்புக்குறி கட்டாயமாயிற்று. மறந்தவனைக் கணினி உடனே தடுத்துவிடும், அதனாற் கேடில்லை. நாம் அஞ்சுவது வகுத்தலையே. ஐந்தை இரண்டால் வகுக்கப் பழையது 2 என்றது, புதியது 2.5 என்கிறது. நிரல் தடையின்றி ஓடும். விடை மட்டும் வேறாகும். சம்பளக் கணக்கிலோ மருந்தின் அளவிலோ இது நேர்ந்தால் எவர் அறிவார்?

இத்துணைத் தொல்லை எதற்கென மாணவர் வினவலாம். பெரும்பாலும் எழுத்துக்காகவே என்போம். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பழைய பைதன் 15 என்றது, யூ.ரி.எவ்.-8 முறையில் அச்சொல் கொண்ட பைட்டுகளை எண்ணியதன் விளைவு அது. புதியது இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி 5 என்கிறது. நம் வீட்டுப் பிள்ளையோ மூன்றெழுத்து என்று சொல்லும்! ஆயினும் பதினைந்துக்கு ஐந்து மேலன்றோ?

பழைய பதிப்பை 2015இற் கைவிடக் கருதியோர், 2020 ஜனவரி முதலாந் திகதி வரை தவணை நீட்டினர். நிரலை மாற்றித்தரும் கருவியொன்றும் அளித்தனர். அது அச்சுக் கட்டளையைத் திருத்தும், வகுத்தலைத் தொடாது. முழு எண் வேண்டுமாயின் சாய்கோடு இரண்டு இடவேண்டும். எங்கே வேண்டுமென்பதை எழுதியவனே வரிவரியாகப் பார்க்கவேண்டியதாயிற்று. எழுதியவன் வேலையைவிட்டுப் போயிருந்தால், அடுத்து வந்தவன் பாடு!